அளக்காமல் சொன்ன தீர்ப்பு

பௌதிகம் படிப்பவனுக்கு வீட்டில் ஒரு தொல்லை உண்டு. மின்விசிறி நின்றாலும் சரி, ரேடியோ கரகரத்தாலும் சரி, "படித்த பிள்ளை இருக்கிறானே!" என்று எல்லோரும் அவன் முகத்தையே பார்ப்பார்கள். அவனும், தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டும். அப்படி நான் சொன்ன ஒரு சொல்லின் கதை இது.

சென்ற தை மாதத்தில் காசியிலிருந்து தில்லியிலுள்ள மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமாவின் காரில் முன்னிருக்கைகள் இரண்டும் மின்சாரத்தால் சூடேறுபவை. தில்லிக் குளிரில் பாட்டியின் இடுப்பு வலிக்கு அதைவிட நல்ல ஒத்தடம் கிடையாது. நான் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, மருத்துவரிடம் புறப்பட்டபோது பாட்டியின் இருக்கை சூடேறவில்லை. சுவிட்சின் விளக்கு எரிந்தது, சூடுதான் இல்லை.

மாமா என்னைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கினேன்: உறைக்குக் கீழே மெல்லிய மின்தடைக் கம்பியைப் பாய்போலப் பரப்பியிருப்பார்கள், யாராவது முழங்காலை ஊன்றினால் அது அறுந்துபோகும். கண்ணாடி துடைக்கும்போது டிரைவர் அந்த இருக்கையில் முழங்காலை ஊன்றியதை நான் கண்டிருந்தேன். அதையும் சொல்லிவைத்தேன்.

மாமா டிரைவரை அழைத்துக் கடிந்துகொண்டார். பழுது பார்க்கும் செலவைச் சம்பளத்தில் பிடிக்கப்போவதாகவும் சொன்னார். கர்வால் மலைநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர் அவர். தலைகுனிந்து நின்றாரே தவிர, மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு கம்பியின் தடையைச் சொல்ல மூன்று முறை அளக்கிறோம். ஒரு மனிதரின் சம்பளத்தில் கைவைக்க நான் ஒரு முறைகூட அளக்கவில்லையே!

மறுநாள் கடை திறந்ததும் ஒரு மல்டிமீட்டர் வாங்கிவந்தேன். இரண்டு இருக்கைகளுக்கும் ஒரே பியூஸ் என்று காரின் கையேடு சொன்னது. மற்ற இருக்கை சூடேறியது. ஆகவே பியூஸில் குறையில்லை. இருக்கைக்கு அடியில் இருந்த மஞ்சள் நிற இணைப்பு, விபத்தில் விரியும் காற்றுப்பைக்கு உரியது, அதைத் தொடலாகாது. பாட்டரியின் இணைப்பைக் கழற்றிச் சற்று நேரம் பொறுத்தேன். பிறகு சூடேற்றும் கம்பியின் இணைப்பைப் பிரித்து அளந்தேன். மீட்டர் 3 ஓம் காட்டியது! கம்பி அறுந்திருந்தால் அளவே காட்டியிராது. 1827-இல் ஓம் வெளியிட்ட விதிப்படி, 12 வோல்ட்டுக்கு 4 ஆம்பியர். அதாவது 48 வாட். பாட்டிக்குப் போதுமான சூடு.

இணைப்பின் மறுபாதியைத் திருப்பிப் பார்த்தேன். ஓர் ஊசி இடம் பெயர்ந்து பின்னுக்குப் போயிருந்தது. வெளிப்புறத்தில் ஒரு சிராய்ப்பு. சிராய்ப்பில் பச்சைப் பெயின்ட். என் நோட்டுப் புத்தகங்களை வைத்திருந்த தட்டையான தகரப் பெட்டியின் நிறமும் பச்சை. ரயிலடியில், "டிக்கியில் வைக்கிறேன்" என்று டிரைவர் சொன்னதைக் கேளாமல், அதை முன்னிருக்கைக்கு அடியில் காலால் தள்ளியவன் நானே!

ஊசியை அதன் இடத்தில் அழுத்திப் பொருத்தினேன். ஐந்து நிமிடத்தில் இருக்கை சூடேறியது. மாமாவிடம் போய் உண்மையைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. சொன்னேன். பிறகு டிரைவரிடம் போய், "பையா, பிழை என்னுடையது, மன்னியுங்கள்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அந்தக் கருவியை எப்படிப் பிடிப்பது? எனக்கும் காட்டுங்கள்" என்றார்.

காட்டினேன். ஊர் திரும்பும்போது மீட்டரை அவரிடமே விட்டுவந்தேன்.

நண்பர்களே, ஓம் விதியை நான் பள்ளியிலேயே படித்துவிட்டேன். அளந்த பிறகே வாய் திறக்கவேண்டும் என்பதைப் படிக்க எனக்கு 23 வயதாயிற்று.