மரத்தடியில் தொடங்கிய தேவாலயம்

டெக்சஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரிலிருந்து தென்கிழக்கே காரில் ஒரு மணி நேரம் போனால் பன்னா மரியா வருகிறது. போலந்து மொழியில் இதற்கு ‘கன்னி மரியாள்’ என்று பொருள். புல்வெளிகள், சில வீடுகள், நடுவே உயர்ந்த கோபுரத்தோடு அமலோற்பவ அன்னை தேவாலயம். மிகச் சிறிய ஊர்தான். ஆனால், அமெரிக்காவின் மிகப் பழைமையான நிரந்தரப் போலந்துக் குடியேற்றம் இதுவே.

அதன் கதை லியோபோல்ட் மோச்சிகெம்பா என்ற இளம் பாதிரியாரின் கடிதங்களில் தொடங்குகிறது. 1852இல் டெக்சசுக்கு வந்த அவர், இங்கே நிலம் ஏராளமாகக் கிடைக்கிறது என்று சொந்த ஊருக்கு எழுதினார். அவருடைய ஊர், அன்று பிரஷ்யாவின் ஆட்சியில் இருந்த மேல் சைலீசியாவில் இருந்தது. வெள்ளம், கொள்ளைநோய், உணவுப் பொருள் விலையேற்றம் என்று தவித்துக்கொண்டிருந்த விவசாயிகளுக்கு அந்தக் கடிதங்கள் நம்பிக்கை தந்தன. வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டுக் குடும்பங்கள் கப்பலேறின. பாதிரியாரின் சகோதரர்களும் அவர்களோடு வந்தார்கள்.

1854 டிசம்பர் தொடக்கத்தில் கால்வெஸ்டன் துறைமுகத்தில் இறங்கினார்கள். மூட்டை முடிச்சுகளை மாட்டு வண்டிகளில் ஏற்றிவிட்டு, பெரும்பாலோர் நடந்தே உள்நாட்டுக்கு வந்தார்கள். டிசம்பர் 24ஆம் தேதி இந்த இடத்தை அடைந்தபோது ஒரு வீடுகூட இல்லை. அன்றிரவு ஓர் ஓக் மரத்தடியில் மோச்சிகெம்பா கிறிஸ்துமஸ் திருப்பலி நிறைவேற்றினார். ஊருக்கு முன்பே கோயில் பிறந்துவிட்டது.

அடுத்து வந்த நாட்கள் அத்தனை இனிமையானவை அல்ல. பலர் தரையில் குழி தோண்டி, மேலே புல்லும் புதரும் போட்டு மூடி, அதற்குள் வாழ்ந்தார்கள். புல்லெல்லாம் விஷப்பாம்பு. இதற்கிடையிலும் முதல் தேவாலயத்தைக் கட்டி முடித்தார்கள். 1856இல் கடும் வறட்சி தொடங்கியது. விதைத்தது கருகிய போது, தங்களை இங்கே அழைத்து வந்தவர் மீதுதான் கோபம் திரும்பியது. மிரட்டல் வரை போனதால் மோச்சிகெம்பா அந்த ஆண்டே ஊரை விட்டு வெளியேறினார்.

மக்கள் தங்கிவிட்டார்கள். 1868இல் பள்ளிக்கூடம் எழுப்பினார்கள். 1875இல் மின்னல் தாக்கித் தேவாலயம் அழிந்தது; இரண்டே ஆண்டுகளில் புதியதைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

வானொலியில் பேசிப் பிழைப்பவள் என்பதால் என் காது அவர்களின் பேச்சைத் தேடிப் போனது. முன்னோர் கொண்டுவந்த சைலீசியப் பேச்சுவழக்கு இந்த வட்டாரத்தில் தலைமுறைகள் தாண்டி நிலைத்திருக்கிறது. தாய்மண்ணில் அந்தப் பேச்சில் பிற்காலத்தில் கலந்த ஜெர்மன் சொற்கள் பல இதில் இல்லை. மாறாக, வாலை ஆட்டி ஓசை எழுப்பும் டெக்சஸ் பாம்புக்கு அவர்கள் தங்கள் மொழியிலேயே ‘ஷ்சிர்கோவா’ என்று பெயர் வைத்தார்கள். தாத்தா பாட்டி பார்த்திராத பாம்பு. ஆனாலும் அந்நியச் சொல்லைக் கடன் வாங்கவில்லை. இன்று அந்த வழக்கைச் சரளமாகப் பேசுவோர் பெரும்பாலும் முதியவர்கள்தான்.

தேவாலயத்துக்குள் செஸ்டஹோவா அன்னையின் மொசைக் படம் ஒன்று உண்டு. போலந்து கிறிஸ்துவம் தழுவிய ஆயிரமாவது ஆண்டை ஒட்டி, 1966இல் அதிபர் லிண்டன் ஜான்சன் வழங்கிய பரிசு அது. வருகிறவர்கள் அதைத்தான் முதலில் படம் எடுக்கிறார்கள். நான் அதிக நேரம் நின்றது வெளியே, ஓக் மரத்தடியில்.

அங்கே ஒரு கல்லறை. மோச்சிகெம்பா 1891இல் மிச்சிகனில் இறந்து, டெட்ராய்ட்டில் அடக்கம் செய்யப்பட்டார். 83 ஆண்டுகள் கழித்து, 1974இல், அவருடைய எலும்புகளை இங்கே கொண்டுவந்து, முதல் திருப்பலி நடந்த மரத்தின் கீழேயே அடக்கம் செய்தார்கள். வறட்சியில் அவரைச் சபித்தவர்களும் இதே மண்ணில்தான் உறங்குகிறார்கள். அவர் அழைத்து வந்ததால்தான் தங்களுக்கு இந்த ஊர் வாய்த்தது என்று சொல்ல, அவர்களின் பேரப்பிள்ளைகள் காலம் வரை ஆகியிருக்கிறது.