விதியை யார் வாசிப்பது?

பி.காம் மூன்றாம் வருடம் படிக்கிற எனக்கும் ஜாவாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். போன தீபாவளி வரை எனக்கும் தெரியாது.

எங்கள் மாமா ஜவுளி மொத்த வியாபாரி. அவர் கடைக்கு பில் போடும் மென்பொருளை எழுதிக்கொடுத்தது என் அண்ணன். தள்ளுபடியை மட்டும் ட்ரூல்ஸ் என்ற ஜாவா விதி இயந்திரத்திடம் விட்டிருந்தார். விதி இயந்திரம் என்றால் பயந்துவிட வேண்டாம். விதிகளை நிரலுக்குள் புதைக்காமல் தனியாக எழுதி வைக்கிறோம். தரவைப் பார்த்து, பொருந்துகிற விதிகளை அது செயல்படுத்தும். அவ்வளவுதான்.

மாமாவின் விதி எளிது. 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 5 சதவீதம், 25,000க்கு மேல் வாங்கினால் 8 சதவீதம். தீபாவளி முடிந்து பில் நகல்களைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். 30,000 ரூபாய் பில்லில் 2,400 கழிய வேண்டிய இடத்தில் 3,900 கழிந்திருந்தது. ஒரே பில்லில் 1,500 ரூபாய் நஷ்டம்! அது மாதிரி இன்னும் பல பில்கள்..

அண்ணன் டி.ஆர்.எல். கோப்பைத் திறந்து காட்டினார். ட்ரூல்ஸின் சொந்த மொழி அது. 'வென்' என்பதன் கீழே நிபந்தனை, 'தென்' என்பதன் கீழே செயல். இரண்டு விதியும் தனித்தனியே பார்த்தால் சரிதான். ஆனால் இஃப்-எல்ஸ் போல முதல் விதியோடு இயந்திரம் நிற்பதில்லை. 30,000 என்பது 10,000க்கும் மேல், 25,000க்கும் மேல். இரண்டும் ஓடி, 13 சதவீதம் கழிந்துவிட்டது. மாமா திரையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அது புரியாத எழுத்து.

இரண்டாவது வழி, முடிவு அட்டவணை. அதே விதிகளை எக்செல்லில் ஒரு வரிக்கு ஒரு விதியாக எழுதலாம். நிபந்தனைக்குச் சில பத்திகள், செயலுக்குச் சில பத்திகள். காலிக் கட்டம் என்றால் அந்த நிபந்தனை கிடையாது என்று அர்த்தம். அண்ணன் மாற்றி எழுதிக் காட்டியதும் மாமா விரலை வைத்துக் கேட்டார்: "5 பர்சென்ட்டுக்கு மேல் வரம்பு எங்கப்பா? காலியா கிடக்கு?"

நாள் முழுக்க நாங்கள் தேடியதை அரை நிமிடத்தில் பிடித்துவிட்டார்!

மூன்றாவது வழியும் உண்டு. டி.எஸ்.எல். என்பார்கள். நாம் பேசுகிற மாதிரி ஒரு வாக்கியம், அதற்கு ஈடான டி.ஆர்.எல். வரி, இரண்டையும் அகராதி போல ஒரு கோப்பில் இணைத்து வைத்துவிட்டால், விதிகளை வாக்கியங்களாகவே எழுதலாம்.

எக்செல்லிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. தலைப்பு வரிகளில் ஜாவா துணுக்குகள் இருக்கும். தெரியாமல் கை வைத்தால் எல்லாம் போச்சு. அதனால் அந்த வரிகள் அண்ணன் பொறுப்பு, எண்கள் மாமா பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம்.

தணிக்கைப் பாடத்தில் 'இன்டர்னல் செக்' என்று படித்திருக்கிறேன். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்க வேண்டியவருக்கு வாசிக்கவே தெரியாத வடிவத்தில் எழுதினால் என்ன பயன்? விதியை எப்படி எழுதுவது என்பதை, அதைச் சரிபார்க்கப் போகிறவரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

போன பணம் போனதுதான். வாடிக்கையாளரிடம் போய்த் திருப்பிக் கேட்க முடியுமா என்ன?