மாஹே வரை, மலை வழியாக

கோடை வந்தாலே நம் வயதுக்காரர்கள் பேரன் பேத்தி வருகைக்காகக் காத்திருப்போம். இந்த ஆண்டு நாங்கள் முந்திக்கொள்கிறோம். ஏப்ரல் கடைசியில் நானும் என் மனைவியும் காரில் மாஹே போகிறோம், நீலகிரி மலை ஏறி இறங்கி. எனக்கு 74, அவளுக்கு 70. இந்தப் பயணத்தை எப்படித் திட்டமிட்டேன் என்று எழுதினால், உங்களில் யாருக்காவது பயன்படலாம்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். சின்ன வகுப்பிலேயே ஐந்து பெயர்களை ஒப்பிக்க வேண்டும்: பொந்திஷேரி, கரிகால், மாஹே, யானோன், ஷந்தெர்நகோர். கரும்பலகையில் தொங்கும் படத்தில் நான்கு ஊர்கள் வலப்பக்கம் இருக்க, மாஹே மட்டும் இடப்பக்கம், அரபிக் கடல் ஓரமாக, தனியாக இருக்கும்.

1986-இல் அந்த ஊருக்கே என்னை மாற்றினார்கள். அங்கிருந்த பழைய பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகள் பிரெஞ்சில் இருந்தன. படித்து நகல் எழுதித்தர ஆள் வேண்டும் என்றார்கள். இரண்டு ஆண்டுகள் இருந்தேன். அப்போது என் அம்மா படுத்த படுக்கை, பையனுக்குப் பள்ளிக்கூடம். அதனால் என் மனைவி புதுவையிலேயே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். வாரம் ஒரு இன்லண்ட் கடிதம் போடுவேன். அங்கே எழுத வேறு செய்தி என்ன இருக்கிறது? சாயங்காலம் சூரியன் கடலில் இறங்குவதைத்தான் எழுதுவேன். நம் ஊரில் சூரியன் கடலிலிருந்து வருவான், கடலுக்குள் போகமாட்டான் இல்லையா. அந்தக் கடிதங்கள் இன்னும் அவள் பீரோவில் இருக்கின்றன.

போன ஆண்டு அவள் கண்ணைப் பரிசோதித்த டாக்டர், கண் அழுத்தம் கூடியிருக்கிறது, கிளாக்கோமா என்றார். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. நேரே இருப்பது அவளுக்கு நன்றாகத் தெரிகிறது. பக்கவாட்டில் வருவது தெரிவதில்லை. வெளிச்சம் குறைந்தால் இன்னும் சிரமம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் காப்பி கொடுக்கும்போது, "ஏங்க, அந்த மாஹேவை ஒரு தடவை பாத்துடலாமா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

சென்னையில் இருக்கும் பையன், "கோழிக்கோடு வரை விமானத்துல போயிடுங்கப்பா. அங்கிருந்து இரண்டு மணி நேரந்தான்" என்றான். அவன் சொல்வதில் நியாயம் உண்டு. அவள்தான், "விமானத்துல போனா மேகந்தான் தெரியும். மலையும் பாக்கணும்டா" என்றாள். மலையை நானும் சரியாகப் பார்த்ததில்லை. அப்போதெல்லாம் நான் போனது இரவுப் பேருந்தில். அது பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சமதரையிலேயே கேரளத்துக்குள் போய்விடும்.

ஒரு நோட்டில் 'இத்தினெரேர்' என்று தலைப்புப் போட்டு உட்கார்ந்தேன். பயணத் திட்டத்துக்குப் பள்ளியில் நாங்கள் பழகிய சொல் அது. எத்தனை இடம் பார்க்கலாம் என்று கணக்குப் போடவில்லை. மாஹே கடற்கரையில் மாலை ஆறரை மணி என்று கடைசி வரியில் முதலில் எழுதினேன். அங்கிருந்து பின்னோக்கி வந்தேன்.

ஏன் ஏப்ரல்? கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் தொடங்கும். மழை பிடித்துவிட்டால் அந்த மலைச் சாலைகளை நம்ப முடியாது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு கொண்டுபோனதை மறக்க முடியுமா? மே மாதத்திலோ ஊட்டியில் மலர்க் கண்காட்சிக் கூட்டம். ஆகவே ஏப்ரல் கடைசி. ஆனால் அப்போதும் மலையாளக் கரையில் பிற்பகலில் இடியும் கோடை மழையும் வருவதுண்டு. ஒரே ஒரு மாலையை நம்பிப் போய், அன்று மேகம் மூடினால்? அதனால் மாஹேயில் மூன்று மாலைகள் வைத்திருக்கிறேன். ஒன்றாவது தெளிவாக இருக்கும்.

திட்டம் இதுதான். திங்கள் காலை புறப்பட்டு விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி வழியாகச் சேலம். சுமார் 210 கிலோமீட்டர், முதல் நாளுக்கு அது போதும். செவ்வாய் அவிநாசி, மேட்டுப்பாளையம் வழியாகக் குன்னூர். புதன் முழுக்க அங்கேயே ஓய்வு, எங்கும் போவதில்லை. வியாழன் ஊட்டி, பைக்காரா, நடுவட்டம், கூடலூர் தாண்டி, நாடுகாணிச் சுரம் இறங்கி நிலம்பூர். வெள்ளி கோழிக்கோடு வழியாக மாஹே. மதியத்துக்குள் சேர்ந்துவிட்டால் படுத்து எழுந்து மாலைக்குத் தயாராகலாம். திரும்பும்போது பாலக்காடு, சேலம், புதுவை. மொத்தம் பத்து நாள்.

மலையில் இருப்பதை வார நாட்களில் வைத்ததற்குக் காரணம் உண்டு. நீலகிரிக்குள் நுழைய 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையில் நீதிமன்ற உத்தரவுப்படி வார நாட்களில் 6000, வார இறுதியில் 8000 வண்டிகள் என்று கணக்கும் வைத்தார்கள். புறப்படுமுன் அந்த ஆண்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பிஒய் வண்டிக்கும் பாஸ் கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் அங்கே தடை. எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்கிறோம்.

கூடலூரிலிருந்து வயநாடு போய்த் தாமரச்சேரிச் சுரம் வழியாகவும் கோழிக்கோட்டுக்கு இறங்கலாம். அங்கே 9 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு லாரி மக்கர் செய்தால் மணிக்கணக்கில் நிற்க வேண்டியதுதான். அதனால் நிலம்பூர் வழி. 1840-களில் மலபார் கலெக்டர் கானலி ஏற்பாட்டில் சாத்து மேனன் நட்டு வளர்த்த தேக்குத் தோட்டம் அங்கேதான் இருக்கிறது. அந்தத் தேக்கு இன்னும் நிற்கிறது. நடக்க முடிந்தால் பார்ப்போம், முடியாவிட்டால் சாலையோரத் தேக்கே போதும்.

இனி அவளுக்காகச் செய்த ஏற்பாடுகள். முன் சீட்டு அவளுக்கு. பக்கவாட்டில் ஓடும் காட்சி அவளுக்குத் தெரியாது. ஆகவே மலைச் சாலையில் இடம் பார்த்து வண்டியை ஓரங்கட்டி, இறங்கி நின்று, முகத்தைத் திருப்பி நிதானமாகப் பார்க்க வேண்டும். மணிக்கு இருபது கிலோமீட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறேன். இருட்டும் முன் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். அறை தரைத்தளத்தில் வேண்டும், குளியலறையில் படி இருக்கக் கூடாது. போனில் கேட்டபோது ஒரு விடுதிக்காரர் சிரித்தார், கேட்டது கேட்டதுதான்.

வெயிலில் நிறுத்திய காரில் சொட்டு மருந்தை விட்டுவைக்கக் கூடாது. அதற்கு ஒரு சின்ன ஐஸ் பெட்டி வாங்கியாயிற்று. கூடுதலாக ஒரு பாட்டிலும் மருந்துச் சீட்டின் நகலும் தனிப் பையில். இரவு ஒன்பதுக்குச் சொட்டு விட என் போனில் அலாரம். மலை ஏறும் அன்று காலையில் இரண்டு இட்லிக்கு மேல் இல்லை.

வண்டியை நான் ஓட்டப் போவதில்லை. மலையில் ஓட்டிப் பழகிய டிரைவர் ஒருவர் வருகிறார். 'ஏறின கியர்லயே இறங்கணும் சார்' என்று அவராகவே சொன்னார், எனக்கு நம்பிக்கை வந்தது. அவருக்கும் ஒவ்வொரு இரவும் தனி அறை உண்டு. வண்டியிலேயே படுத்துத் தூங்கியவர் மறுநாள் வளைவில் கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

மாஹேயின் பரப்பு 9 சதுர கிலோமீட்டர்தான். ஆற்று முகத்துவாரத்தில் தாகூர் பூங்கா இருக்கிறது. கடலைப் பார்த்து உட்கார வசதியான இடம். ஐந்தரைக்கே போய்விட வேண்டும். சூரியன் இறங்கிய பிறகு அவளுக்குக் கால் வைக்கும் இடம் தெரியாது. என் கையில் ஒரு டார்ச், அவள் கையில் என் முழங்கை. அந்த ஒரு அரை மணி நேரத்துக்குத்தான் பத்து நாளும், இத்தனை பெட்டியும். "எழுதினதெல்லாம் நெசமான்னு பாக்கறேன்" என்கிறாள்.

நண்பர்களே, நம் வயதில் பயணம் போகாமலிருக்கக் காரணம் ஆயிரம் கிடைக்கும். போவதென்றால், வண்டியில் யாருக்கு முடியாதோ அவருக்காகத் திட்டம் போடுங்கள். மற்றவர்களுக்கு அது தானாகவே சரியாக இருக்கும். நாடுகாணிச் சாலை இப்போது எப்படி இருக்கிறது, நிலம்பூரில் தரைத்தள அறை எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் இருந்தால், காலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைப் பக்கம்தான் நடந்துகொண்டிருப்பேன். நிறுத்திச் சொல்லுங்கள்.