சூடான தோசை யாருக்கு?

1997இல் தனி மாவட்டமானாலும், சாமராஜநகர்க்காரர்களுக்கு 'சிட்டி' என்றால் மைசூர்தான். சுமார் 60 கிலோமீட்டர். 25ஆவது திருமண நாளுக்கு அங்கே போன தம்பதி, ஞாயிறு மாலை அரண்மனை விளக்குகளைப் பார்த்தாகிவிட்டது. மறுநாள் காலை, நஜர்பாத்தில் 1938 முதல் நடக்கும் மைலாரி ஓட்டல்.

வாழை இலையில் பஞ்சு போன்ற தோசை, மேலே வெண்ணெய். முதலில் வந்தது மனைவிக்கு. அவர் தொடவில்லை.

"ஆறிடும், சாப்பிடு."

"உங்களுக்கும் வரட்டுமே."

கால் நூற்றாண்டுப் பழக்கம். வீட்டில் சூடான தோசை மற்றவர்களுக்கு. ஊற்றுகிறவருக்கு அடிமாவில் வார்த்த கடைசித் தோசை, அதுவும் தனியாக. ஓட்டலில் கொடுக்கும் பணம் ருசிக்கு மட்டுமல்ல, அவரும் உட்கார்ந்து சாப்பிடுவதற்கும்தான். அதற்கு 60 கிலோமீட்டர் போக வேண்டியதில்லை. அடுத்த ஞாயிறு தோசைக்கல் அருகே கணவர் நின்றால் போதும்.