கையில ஒண்ணுதான வச்சிருக்க?

வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அப்பாவின் வேலை இடத்துக்குள் எங்களை விடுவார்கள். ஆயுத பூஜை அன்று. வரிசையாகச் சாய்த்து வைத்த துப்பாக்கிகளுக்குச் சந்தனம், குங்குமம், முன்னால் பொரி, கடலை, வாழைப்பழம். பையன்கள் எல்லாரும் பொரிக்குக் கை நீட்டும்போது நான் துப்பாக்கியின் மரத்தைத் தொட்டுப் பார்ப்பேன். எண்ணெய் ஊறி, வீட்டு உலக்கை மாதிரி வழவழப்பாக இருக்கும்.

அப்பா போலீஸில் ஆர்மரர். தெற்கத்தி மாவட்டம் ஒன்றின் ஆயுதப்படையில் ஏட்டு. அவர் யாரையும் சுட்டதில்லை, யாரையும் பிடித்ததில்லை. முப்பது வருஷம் மற்றவர்கள் கெடுத்துக்கொண்டு வந்த துப்பாக்கிகளைச் சரி செய்தார். நான் இன்று பெங்களூரில் மற்றவர்கள் எழுதிய கோடைச் சரி செய்து சம்பளம் வாங்குகிறேன். ஏறக்குறைய ஒரே வேலைதான் என்பது எனக்குப் புரிய ரொம்ப நாளானது.

அவர் கையில் அதிகம் புழங்கியது .303. ஊரில் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று சொல்லும் லீ என்ஃபீல்டு. ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் வடிவமைத்த போல்ட், என்ஃபீல்டு என்ற இங்கிலாந்து ஊரின் அரசுத் தொழிற்சாலை, இரண்டும் சேர்ந்து அந்தப் பெயர். 1907இல் வந்த மாதிரிதான் முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்களின் தோளில் இருந்தது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில், ஹூக்ளிக் கரையில் இருக்கும் இஷாப்பூர் தொழிற்சாலை அதை இங்கேயே செய்தது. ராணுவம் அதைக் கைவிட்ட பிறகும் போலீஸ் விடவில்லை. 2008 நவம்பரில் மும்பை ரயில் நிலையத்தில் ஏகே-47க்கு எதிரே ரயில்வே போலீஸின் கையில் இருந்தது இதுதான். உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான் அதற்கு முறைப்படி விடை கொடுத்தது.

கல்கத்தா என்றதும் எங்கள் ஊர்க்காரனுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளப் போனது அங்கேதான். திரும்பி வந்து அவர்கள் ஆரம்பித்ததில்தான் எங்கள் அம்மாச்சி கட்டை அடுக்கினாள், அம்மா பெட்டி ஒட்டினாள். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் ஃபேக்டரி என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ். பட்டாசுக்கு வெடி ஆபீஸ். நானும் இப்போது ஆபீஸுக்குத்தான் போகிறேன்.

அப்பாவின் வேலைக்கும் அம்மாச்சியின் வேலைக்கும் நடுவே ஒரு உப்பு இருந்தது. பொட்டாசியம் குளோரேட். தீக்குச்சியின் மண்டையில் இருப்பது அதுதான். உரசினால் ஆக்சிஜனை விட்டுக்கொடுத்து நெருப்பை எழுப்பிவிடும். கந்தகத்தோடு சேர்ந்தால் சின்ன அடிக்கே கோபம் வரும் என்பதால் 1992இல் அந்தக் கலவையைப் பட்டாசில் தடை செய்துவிட்டார்கள். பழைய .303 தோட்டாவின் பின்னால், ஊசி குத்துகிற அந்தச் சின்ன மூடிக்குள்ளும் இதே குளோரேட். சுட்டு முடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலுக்குள் படிந்துவிடும். நம் சமையல் உப்பின் பங்காளி. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து இரண்டே நாளில் குழலைத் துருப்பிடிக்க வைக்கும்.

புதுசாக வரும் பையன்கள் சுட்டு முடித்ததும் குழலுக்குள் எண்ணெயை ஊற்றுவார்கள். அப்பா திட்டுவார். “உப்பு எண்ணெயில கரையுமாடா? உங்க அம்மா ஊறுகாய் போட்டுப் பாத்ததில்லையா?” பிறகு புனல் வைத்துக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவார். உப்பு கரைந்து ஓடிவிடும், சூட்டில் குழல் தானாகவே காய்ந்துவிடும், அதற்கப்புறம்தான் எண்ணெய். வெள்ளைக்காரன் காலத்து முறை. எதில் எது கரையும் என்று தெரியாமல் கையில் கிடைத்ததை ஊற்றாதே என்ற பாடத்தை நான் கல்லூரியில் படிக்கவில்லை, அங்கிருந்து எடுத்துக்கொண்டேன்.

2009இல் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் ஆரம்பத்தில் நடந்த ஃபயரிங் பிராக்டிஸில் ஒரு இளம் கான்ஸ்டபிளின் துப்பாக்கி திரும்பத் திரும்பச் சிக்கியது. முதல் இரண்டு தோட்டா ஒழுங்காக ஏறும், மூன்றாவதில் போல்ட் நின்றுவிடும். “ஏட்டய்யா, இது சனியன் பிடிச்ச துப்பாக்கி” என்று கொண்டுவந்து வைத்தானாம். அப்பாவுக்கு அந்த வார்த்தை பிடிக்காது. சனி பிடித்தது என்று சொல்லிவிட்டால் அப்புறம் தேட மாட்டோம் என்பார்.

அவர் தேடிய விதத்தை ஒவ்வொரு சனிக்கிழமை வீட்டுக்கு வரும்போதும் என்னிடம் சொன்னார். நான் அப்போது என்ஜினீயரிங் மூன்றாம் வருஷம், என்.சி.சி.யிலும் இருந்தேன். பேசுவதற்கு எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது துப்பாக்கி ஒன்றுதான்.

.303 தோட்டாவின் அடியில், குடத்தின் விளிம்பு மாதிரி, வெளியே நீட்டிய ஒரு விளிம்பு உண்டு. மேகஸினில் பத்துத் தோட்டாவை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும்போது, மேலே இருப்பதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் உட்கார்ந்துவிட்டால், போல்ட் மேலே இருப்பதைத் தள்ளும்போது அது கீழே இருப்பதையும் கொக்கி போட்டு இழுக்கும். இரண்டும் நகராது. எத்தனை பலமாகத் தள்ளினாலும் நகராது. தள்ளத் தள்ள மோசமாகும். ஐந்தைந்தாகக் கிளிப்பில் வைத்து ஏற்றினால் இந்தத் தொல்லை குறைவு. கிளிப்பெல்லாம் தொலைந்து, ஒவ்வொன்றாகக் கையால் அமுக்கும் இடத்தில் ஆளின் கவனம்தான் கிளிப்.

அவனை உட்காரவைத்துத் தோட்டா போடச் சொல்லிப் பார்த்தார். சரியாகத்தான் போட்டான். அப்படியானால் வேறு ஏதோ. போல்ட்டின் எண்ணையும் துப்பாக்கியின் எண்ணையும் ஒத்துப் பார்த்தார், ஒன்றுதான். ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்தார், தெம்பாக இருந்தது. கடைசியில் மேகஸினின் உதட்டைப் பார்த்தார். தோட்டாவை மேலே பிடித்து வைத்து, சரியான நேரத்தில் விடுகிற தகட்டு விளிம்புக்கு உதடு என்று பெயர். அது ஒரு பக்கம் கொஞ்சம் விரிந்து இருந்தது. தோட்டா முன்னால் போகும்போது மூக்கைக் கீழே குத்தியது.

இந்தத் துப்பாக்கியில் மேகஸின் கழற்றி மாட்டக்கூடியது. ஆனால் ஒவ்வொன்றும் அதனதன் துப்பாக்கிக்குத் தக்கபடி உதடு சரிசெய்யப்பட்டது. பழைய கால்சட்டை மாதிரி, அளவு ஒன்றாக இருந்தாலும் அடுத்தவனுக்குச் சரியாக உட்காராது. முந்தின ஆயுத பூஜைக்கு எல்லா மேகஸினையும் கழற்றி, ஒரே இடத்தில் குவித்து, துடைத்து, மறுபடி மாட்டியிருக்கிறார்கள். எது எதற்குப் போனது என்று யாரும் பார்க்கவில்லை. “சாமி கும்பிட்டதுல வந்த கோளாறு” என்று சொல்லி அப்பா சிரித்தார். கட்டையாலும் கொறடாலும் உதட்டை மயிரிழை மயிரிழையாக நெருக்கிச் சரி செய்தார்.

அதோடு விடவில்லை. அடிக்கட்டை உலர்ந்து சுருங்கி, குழலைப் பிடிக்க வேண்டிய இடத்தில் தளர்ந்திருந்தது. எங்கள் பக்கத்துக் காற்றில் ஈரம் கிடையாது. தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வந்து உட்கார்ந்ததற்குக் காரணமே அந்த வறட்சிதான். அதே வறட்சி துப்பாக்கி மரத்துக்கு எதிரி. மரத்தை இறுக்கினால் குழலின் மேல் விழும் அழுத்தம் மாறும், அழுத்தம் மாறினால் குண்டு விழும் இடம் மாறும். அதனால் குறியை மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

துப்பாக்கியின் நுனியில் இருக்கும் சின்னத் தகடுதான் ஃபோர்சைட். அதைப் பக்கவாட்டில் தள்ளிச் சரிசெய்ய ஒரு விதி உண்டு. குண்டு எந்தப் பக்கம் விலகுகிறதோ, தகட்டையும் அதே பக்கம் தள்ள வேண்டும். இடது பக்கம் விழுந்தால் இடது பக்கம். முதலில் கேட்டபோது எனக்குத் தலைகீழாகப் பட்டது. காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. தகடு இடப்பக்கம் போனால், அதைக் குறிக்கு நேராகக் கொண்டுவர நாம் குழலையே வலப்பக்கம் திருப்புவோம். அப்பா இதை ஒரு வரியில் வைத்திருந்தார்: “தப்பு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கமே போய்ப் பாரு.”

அவர் சுட்டுப் பார்த்தார், தகட்டைத் தட்டினார், மறுபடி சுட்டார். நடுவில் விழுந்தது. ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த பிராக்டிஸில் துப்பாக்கி ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. ஆனால் அந்தப் பையன் சுட்டது அத்தனையும் இடது பக்கம். வலது கைக்காரன் இடது பக்கம் சுட்டால் பயிற்சி கொடுப்பவர்கள் முதலில் சொல்வது ட்ரிக்கரை வெடுக்கென்று இழுக்கிறாய் என்பதுதான். பெரும்பாலும் அது உண்மையும்கூட. முன்பாவது துப்பாக்கியைக் குறை சொல்லலாம். இப்போது ஏட்டய்யா சரி பார்த்துக் கையெழுத்துப் போட்ட துப்பாக்கி. ஆகவே கோளாறு பையன் கையில்தான். ஃபெயில் போட்டார்கள். மற்றவர்கள் போன பிறகு அவனுக்கு மட்டும் தனிப் பயிற்சி, காலித் துப்பாக்கியைப் பிடித்து ட்ரிக்கர் இழுத்துப் பழகச் சொல்லி. அப்பாவும் அவனிடம், “மூச்சப் பிடி, மெதுவா அமுக்கு” என்றுதான் சொன்னார்.

அந்த வருஷத் தீபாவளி. வெடி ஆபீஸெல்லாம் மூடி ஊர் அடங்கிக் கிடந்தது. ராத்திரி மொட்டை மாடியில் நானும் தங்கையும் மிச்சமிருந்த சரத்தைப் போட்டுக்கொண்டிருந்தோம். மாடியின் அந்தக் கோடியில் நான் ஊதுபத்தியோடு நின்றேன். இந்தக் கோடியில் அப்பா நாற்காலியில். பழக்க தோஷமோ என்னவோ, குறி பார்ப்பதுபோல் இடது கண்ணை மூடி ஊதுபத்தியின் சிவப்புப் புள்ளியைப் பார்த்திருக்கிறார்.

“டே.”

“என்னப்பா?”

“கையில ஒண்ணுதான வச்சிருக்க?”

“ஆமா. ஏன்?”

பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு எழுந்து கீழே போய்விட்டார். நான் சரத்தைக் கொளுத்தினேன்.

வலது கண்ணில் புரை. ஒரே கண்ணால் பார்த்தாலும் ஒன்று இரண்டாகத் தெரிவது கண்புரையில் நடக்கக்கூடியது. வெயிலில் வெளிச்சம் சிதறி இன்னும் மோசமாகும். அவர் ஃபோர்சைட்டைப் பார்த்தபோது அங்கே இரண்டு தகடு இருந்திருக்கிறது, ஒன்று நிஜம், ஒன்று நிழல். நிழலை நம்பியிருக்கிறார். அவர் கண்ணுக்கு அந்தத் துப்பாக்கி நடுவில்தான் சுட்டது. உலகத்தில் அவர் ஒருவருக்கு மட்டும் சரியான துப்பாக்கி.

இதை அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு மாதம் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட. கண் போன ஆர்மரருக்கு ஆயுத அறையில் என்ன வேலை? ஓய்வுக்கு இன்னும் ஆறு வருஷம். நான் இன்ஜினீயரிங் முடிக்கவில்லை, கல்விக் கடன் வேறு. பேசாமல் அந்த ஒரு துப்பாக்கியை மட்டும் வேறு யாரையாவது பார்க்கச் சொல்லித் தட்டிவிட்டிருந்தால் முடிந்திருக்கும் என்று நான் பின்னாளில் கேட்டேன்.

“அது ஒண்ணுதான்னு யார் சொன்னா?” என்றார். “அந்தக் கண்ண வச்சு அந்த வருஷம் எத்தன பாத்தேன்னு எனக்கே தெரியாது. ரிஜிஸ்டர்லதான் இருந்துச்சு.”

எல்லாவற்றையும் திரும்பச் சுட்டுப் பார்க்கத் தோட்டா வேண்டும். போலீஸில் ஒரு தோட்டாவுக்கும் கணக்கு உண்டு, சுட்டு முடித்த காலிக் கேஸைக்கூட எண்ணி ஒப்படைக்க வேண்டும். காரணம் சொல்லாமல் தோட்டா கிடைக்காது. காரணம் அவருடைய கண். எழுதிக் கொடுத்தார். ஆயுத அறையிலிருந்து மாற்றி நாற்காலி வேலையில் போட்டார்கள். புதுசாக வந்த ஆர்மரர் பக்கத்தில் அப்பா உட்கார்ந்து, ரிஜிஸ்டரைப் பார்த்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். முதலில் அந்தப் பையனின் துப்பாக்கி. அவனையே படுக்க வைத்துச் சுடச் சொன்னார்கள். இடது பக்கம். தகட்டை இடது பக்கம் தட்டினார்கள். மறுபடி இடது பக்கம், ஆனால் குறைவாக. இன்னொரு தட்டு. நடுவில் விழுந்தது.

“உன் கையில தப்பில்லப்பா. என் கண்ணுலதான்” என்று அப்பா சொன்னாராம்.

அவன் கோபப்படுவான் என்று நினைத்திருக்கிறார். அவன் படுத்தபடியே இருந்தானாம். “ஏட்டய்யா, இந்த அஞ்சாறு மாசமா பைக் ஓட்டும்போதுகூட கை நடுங்குதான்னு பாத்துட்டே இருந்தேன்” என்றானாம்.

அடுத்த ஜனவரியில் மதுரை அரவிந்தில் அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனது. கட்டுப் பிரித்த மறுநாள் ஜன்னல் கம்பிகளை ஒரு கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தார். கொஞ்ச காலத்தில் ஆயுத அறைக்குத் திரும்பினார். ஆனால் அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை, தான் குறி பார்த்த எதையும் இன்னொருவர் சுட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை.

போன வருஷம் எங்கள் டீமில் டெஸ்டிங் பார்க்கும் ஒரு பெண், பில் தொகை சில சமயம் தேதி மாறி விழுகிறது என்று ஒரு பக் போட்டார். நான் ஓட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. ‘என் மெஷினில் வேலை செய்கிறது’ என்று எழுதி மூடினேன். மறுபடி திறந்தார். மறுபடி மூடினேன். மூன்றாம் தடவை மேனேஜர் இருக்கும் மெயிலில், சோதிக்கும் முறையைக் கொஞ்சம் கவனித்தால் நல்லது என்றும் ஒரு வரி சேர்த்தேன். அதற்கப்புறம் அவர் அந்த பக்கைத் திறக்கவில்லை. மீட்டிங்கில் பேசுவதையும் குறைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து வேறெதற்கோ அந்தக் கோடுக்குள் போனபோது கண்டுபிடித்தேன். என் மெஷின் இந்திய நேரத்தில் இருந்தது, சர்வர் கிரீன்விச் நேரத்தில். நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரைக்குள் வரும் எதுவும் முந்தின நாள் கணக்கில் விழும். நான் பகலிலேயே சோதித்துக்கொண்டிருந்தேன். நான் எழுதிய கோடுதான்.

சத்தமில்லாமல் சரி செய்துவிடலாம். யாருக்கும் தெரியாது. திரையைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா ஒரு மாதம் எடுத்துக்கொண்டார், நான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அவர் பணயம் வைத்தது வேலையை, நான் வைத்தது வெறும் பெயரை.

அதே மெயிலில், அதே மேனேஜரை வைத்து, தவறு என்னுடையது, முதல் நாளிலிருந்து நீங்கள் சொன்னது சரி என்று எழுதினேன். ‘நோ இஷ்யூஸ்’ என்று ஒரு வரி பதில் வந்தது. அந்த ஒரு வரியில் மன்னிப்பு இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்கு உரிமையில்லை. ஆனால் அடுத்த வாரம் நான் மூடிய இன்னொரு பக்கை அவர் மறுபடி திறந்திருந்தார். முதலில் எரிச்சல் வந்தது. பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போய், உங்க மெஷின்ல காட்டுங்க என்றேன்.