ஃபெயிலுக்குத் தமிழ்ல என்ன?

போன மாசம் நம்ம டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டுல ஒரு சர்க்குலர் ஒட்டியிருந்தாங்க. அரியர் வெச்சிருக்கிற எல்லாரும் ஸ்பெஷல் கிளாஸுக்கு 'வித்தவுட் ஃபெயில்' வந்துடணுமாம். "ஃபெயில் ஆனவங்களையே ஃபெயில் ஆகாம வரச் சொல்றாங்கடா"ன்னு பக்கத்துல நின்ன ஒருத்தன் சொன்னான். எல்லாரும் சிரிச்சோம். நீங்க அங்க இருந்திருந்தா நீங்களும் சிரிச்சிருப்பீங்க. ஆனா எனக்கு அந்த வார்த்தை மண்டைக்குள்ளயே உட்கார்ந்துக்கிச்சு. அதுக்கு ஒரு காரணம் இருக்கு, கடைசியில சொல்றேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதறது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தா எடிட்டோரியல் டீமைத் திட்டுங்க, என்னைத் திட்டாதீங்க.

ஃபெயில் என்கிற வார்த்தையை ஒரு நாள்ல எத்தனை தடவை சொல்றோம்னு எண்ணிப் பாருங்க. பில்டு ஃபெயில். பேமென்ட் ஃபெயில். கரண்ட் போனா பவர் ஃபெயிலியர். சொந்தக்காரர் யாருக்கோ கிட்னி ஃபெயிலியர். வெளிநாட்டுல பேங்க் ஃபெயில் ஆச்சுன்னு நியூஸ். இங்கிலீஷ் டிக்‌ஷனரியைத் திறந்தா இன்னும் போகுது: சாயங்காலம் வெளிச்சம் மங்கினாலும் ஃபெயில், வயசானவங்களுக்குக் கண்பார்வை குறைஞ்சாலும் ஃபெயில், துக்க வீட்டுல பேச வார்த்தை வரலைன்னாலும் வார்த்தைகள் ஃபெயில். செய்ய வேண்டியதைச் செய்யாம விட்டாலும் அதே ஃபெயில்தான். இந்தக் கடைசி அர்த்தத்தைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

சரி, இதுக்கெல்லாம் தமிழ்ல என்ன வார்த்தை? எனக்கு உடனே தோணினது 'தோல்வி'. ஆனா தோல்விக்கு எதிர்ல ஒருத்தர் வேணும். மேட்ச்ல தோக்கலாம், எலெக்‌ஷன்ல தோக்கலாம். பேமென்ட் யார்கிட்ட தோக்கும்? கிட்னி தோத்துப்போச்சுன்னு யாராவது சொல்வாங்களா? கிட்னி செயலிழக்கும், வண்டி பழுதாகும், பேங்க் திவாலாகும், பார்வை மங்கும், படம் ஊத்திக்கும். இங்கிலீஷ் ஒரே சாவியை வெச்சு எல்லாப் பூட்டையும் திறக்குது. தமிழ் ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி செஞ்சு வெச்சிருக்கு.

அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது 'தவறு'. கை தவறி போன் விழுந்துச்சு. பஸ்ஸைத் தவறவிட்டேன். பரீட்சையில தவறிட்டான். அந்த 'வித்தவுட் ஃபெயில்' சர்க்குலரைத் தமிழ்ல எழுதியிருந்தா 'தவறாமல் வரவும்'னு ஒரே வார்த்தையில முடிஞ்சிருக்கும். எங்க ஊர்ப் பக்கம் ஒருத்தர் இறந்துட்டா நேரடியா சொல்ல மாட்டாங்க, "பெரியவரு தவறிட்டாரு"ன்னுதான் சொல்வாங்க. இங்கிலீஷ்ல இறந்தவங்களை என்ன சொல்றாங்க? பாஸ்டு அவே! ஒருத்தர் செத்தா இங்கிலீஷ்ல பாஸ், தமிழ்ல ஃபெயில். இதை ஹாஸ்டல்ல சொன்னப்ப எனக்குக் கிடைச்ச மரியாதையை இங்க எழுத முடியாது.

இன்னொரு சாவியை எனக்குக் கொடுத்தது எங்க அப்பத்தா. நாங்க நாமக்கல் பக்கம். வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் மானாவாரிக் காடு இருக்கு. மழை வராத வருஷம் அப்பத்தா வாசல்ல உட்கார்ந்து, "இந்த வருசமும் மழ பொய்ச்சுப்போச்சு"ன்னு சொல்லும். சின்ன வயசுல எனக்கு அது புரியாது. மழை எப்படிப் பொய் சொல்லும்? யார்கிட்ட சொல்லுச்சு? டிவியில வானிலை சொல்றவர்தான பொய் சொன்னார்? பிறகு பார்த்தா திருக்குறள்ல வான்சிறப்பு அதிகாரத்துலயே மழை பொய்க்குது. அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. அந்த வார்த்தை அதுக்கு காட்டு வழியாவே வந்து சேர்ந்திருக்கு.

சர்க்குலர் பார்த்த அன்னைக்கு ராத்திரி, ஃபெயில் என்கிற வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிப் பார்த்தேன். பழைய பிரெஞ்சு வழியா லத்தீன்லருந்து வந்திருக்கு. லத்தீன்ல அது 'ஃபல்லெரே'. அர்த்தம் என்ன தெரியுமா? ஏமாத்தறது. ஃபால்ஸ், ஃபால்ட், ஃபாலஸி எல்லாம் அதே வேர்ல முளைச்சதுதான். நம்பி இருந்தது கைவிட்டா அது நம்மை ஏமாத்திடுச்சுன்னு ரோம்காரனும் நினைச்சிருக்கான், எங்க அப்பத்தாவும் நினைச்சிருக்கு. இதுக்கும் அதுக்கும் எந்த உறவும் கிடையாது, ரெண்டும் வேற வேற மொழிக் குடும்பம். ஆனாலும் எனக்கு ராத்திரி ஒரு மணிக்குப் புல்லரிச்சுது. (அடுத்த நாள் காலையில டிசைன் லேப்ல தூங்கினதுக்கு இதுதான் காரணம்.)

நான் மெக்கானிக்கல். எங்களுக்கு 'தியரீஸ் ஆஃப் ஃபெயிலியர்'னே ஒரு யூனிட் இருக்கு. ராங்கின், டிரெஸ்கா, வான் மைசஸ்னு மூணு பேரையாவது மனப்பாடம் பண்ணாம யாரும் வெளியே வந்ததில்லை. மத்த டிபார்ட்மென்ட்காரங்களுக்காகச் சொல்றேன். நாங்க ஃபெயில்னு சொன்னா உடைஞ்சதுன்னு அர்த்தம் கிடையாது. சாதாரண ஸ்ட்ரக்சுரல் ஸ்டீல் கம்பியை இழுத்துக்கிட்டே போங்க. 250 மெகாபாஸ்கல் வரைக்கும் விட்டா பழைய நீளத்துக்குத் திரும்பிடும். அதைத் தாண்டினா திரும்பாது, நிரந்தரமா நீண்டுடும். ஆனா உடையாது. 410 வரைக்கும் தாங்கும். பார்க்கிறவங்களுக்குக் கம்பி நல்லாத்தான் இருக்கும். எங்க கணக்குல அது 250லயே ஃபெயில். பழைய நிலைமைக்குத் திரும்ப முடியாமப் போன அந்த இடம்தான் கணக்கு.

எல்லாப் பொருளுக்கும் இப்படி இல்லை. வார்ப்பிரும்பு நீளவே நீளாது, படக்குன்னு உடையும். அதுக்கு ராங்கின்.

'ஃபெயில்-சேஃப்'னு ஒரு வார்த்தை இருக்கே, அதை ஃபெயிலே ஆகாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கிறவங்க நம்ம கிளாஸ்லயே இருக்காங்க. அப்படி இல்லை. ஃபெயில் ஆகத்தான் செய்யும், ஆனா ஆபத்து இல்லாத பக்கமா ஆகும். ரயிலுக்கு வெஸ்டிங்ஹவுஸ் முதல்ல செஞ்ச ஏர் பிரேக்ல காத்து வந்தாத்தான் பிரேக் பிடிக்கும். குழாய் பிடுங்கிக்கிச்சுன்னா பிரேக்கும் போச்சு. 1872ல அதை அப்படியே தலைகீழா மாத்தினார். குழாய்ல காத்து இருக்கிற வரைக்கும் பிரேக் விட்டிருக்கும், காத்து இறங்கினா தானாப் பிடிச்சுக்கும். இன்னைக்கு லாரியில பார்க்கிங் பிரேக்கும் இப்படித்தான். ஸ்பிரிங் எப்பவும் பிரேக்கைப் பிடிக்கத்தான் பார்க்குது, காத்துதான் அதைத் தள்ளிப் பிடிச்சு வண்டியை நகர விடுது.

இது எனக்குப் புக்ல படிக்கறதுக்கு முன்னாடியே தெரியும். எங்கப்பா லாரி டிரைவர். "ஏர் ஏறாம வண்டி நகராது பாப்பா"ன்னு சின்ன வயசுலயே கேபின்ல உட்கார வெச்சு மீட்டர் முள்ளைக் காட்டியிருக்கார்.

எங்கப்பாவைப் பத்தி இன்னொரு தகவல். அவர் பத்தாவது ஃபெயில். இதை ரகசியமா சொல்லலை. நம்ம ஊர்ல அது ஒரு படிப்பு மாதிரிதான். பஸ் ஸ்டாண்டு சுவத்துல 'ஆட்கள் தேவை, பத்தாவது பாஸ் / ஃபெயில்'னு ஒட்டியிருக்கிறதை நீங்களும் பார்த்திருப்பீங்க. அவர் ஃபெயில் ஆனது இங்கிலீஷ்ல. 35 வேணும், 31 வாங்கினார். அதனாலதான் என்னை இங்கிலீஷ் மீடியத்துல சேர்த்தார்னு நான் தனியாச் சொல்ல வேண்டியதில்லை.

இப்ப அந்தக் காரணத்துக்கு வர்றேன்.

மூணாவது செமஸ்டர்ல எனக்கு ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் போயிடுச்சு. ரிசல்ட் வந்தப்ப அப்பா நாக்பூர் பக்கம் லோடோட போயிட்டிருந்தார். போன் பண்ணினார். பின்னாடி இன்ஜின் சத்தம். "பாப்பா, எல்லாம் பாஸா?"ன்னு கேட்டார். நான் "பாஸ்ப்பா"ன்னு சொன்னேன். யோசிச்சுச் சொன்ன பொய் இல்லை, வாயிலருந்து தானா வந்துடுச்சு. "சரி கண்ணு, சாப்பிடு"ன்னு வெச்சுட்டார்.

அடுத்த செமஸ்டர்ல அரியருக்கு ஃபீஸ் கட்டணும். லேப் ஃபீஸ்னு சொல்லி வாங்கினேன். இது யோசிச்சுச் சொன்ன பொய். அதே தடவை எழுதிப் பாஸும் ஆயிட்டேன். அரியர்னா பழைய பிரெஞ்சுல 'பின்னாடி' என்று அர்த்தமாம். இங்கிலீஷ்காரன் அதைக் கட்டாத பாக்கிக்குத்தான் பயன்படுத்தறான், பரீட்சைக்கு இழுத்துட்டு வந்தது நாமதான். பாக்கியைக் கட்டியாச்சு, முடிஞ்சதுன்னு நானும் நினைச்சேன்.

முடியலை. இந்த வருஷம் பிளேஸ்மென்ட். கம்பெனி ஃபார்ம்ல ரெண்டு கட்டம் இருக்கும், ஃபைனல் இயர்ல இருக்கிற உங்களுக்குத் தெரியும்: ஸ்டாண்டிங் அரியர், ஹிஸ்டரி ஆஃப் அரியர். முதல் கட்டத்துல பூஜ்யம் போட்டேன். ரெண்டாவதுல 1. எனக்கு வேணும்னு நினைச்ச கோர் கம்பெனி ஹிஸ்டரி இருக்கிறவங்களை எடுக்காது. கம்பி நல்லாத்தான் இருக்கு, ஆனா 250ஐத் தாண்டியிருக்கு.

அந்த வாரம் ஊருக்குப் போனேன். அப்பாவும் வீட்ல இருந்தார். அந்தக் கம்பெனி பேரை நான் ரெண்டு வருஷமாச் சொல்லிட்டே இருந்திருக்கேன், அவருக்கும் பாடமாயிடுச்சு. "எப்பப் பாப்பா இன்டர்வியூ?"ன்னு கேட்டார். இந்தத் தடவை வாயிலருந்து தானா ஒண்ணும் வரலை. இங்கிலீஷ்ல சொன்னா, வார்த்தைகள் ஃபெயில்.

எல்லாத்தையும் சொன்னேன். லேப் ஃபீஸ் உட்பட.

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "எந்தப் பாடம் அது?"ன்னு கேட்டார். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்னு சொன்னேன். அப்படின்னா என்னன்னு கேட்டார். இரும்பு எவ்வளவு தாங்கும், எப்ப ஒடியும்னு படிக்கறதுன்னு சொன்னேன்.

அவர் சட்டுனு, "ஆக்ஸில் ஒடிஞ்சா பாத்திருக்கியா?"ன்னார். இல்லைன்னேன். ஒரு தடவை மலை ஏத்தத்துல ஒடிஞ்சதாம். ஒடிஞ்ச முகத்தைப் பார்த்தா ஒரு பக்கம் பாலிஷ் போட்ட மாதிரி வழவழன்னு, வளையம் வளையமா இருக்கும். இன்னொரு பக்கம் கரடுமுரடா, உப்புக்கல் மாதிரி இருக்கும். "அந்த வழவழ பக்கம் ரொம்ப நாளா விட்டிருக்குது பாப்பா. நமக்குத்தான் தெரியல. கரடு இருக்குதே, அது அன்னைக்கு ஒடிஞ்சது."

அவர் சொன்னது ஃபேட்டிக் ஃபெயிலியர். வார்த்தைக்கு வார்த்தை எங்க புக்ல இருக்கு. அந்த வளையங்களுக்கு பீச் மார்க்ஸ்னு பேரு. சின்ன விரிசல் ஒண்ணு ஆயிரக்கணக்கான சுத்துல கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து, ரெண்டு முகமும் உரசி உரசி வழவழன்னு ஆகியிருக்கும். மிச்சம் இருக்கிற இரும்பால பாரம் தாங்க முடியாத அன்னைக்கு ஒரே அடியா ஒடியும். ரெண்டு மார்க் கேள்வி. நான் ஃபெயில் ஆன பரீட்சையில இது வரலை, வந்திருந்தாலும் நான் எழுதியிருக்க மாட்டேன்.

அதோட விட்டுட்டார்னு நினைச்சேன். எழுந்து சட்டையை மாட்டிக்கிட்டே, என்னைப் பார்க்காம சொன்னார்: "ஃபெயிலானதெல்லாம் ஒண்ணுமில்ல. நான் ஆகாத ஃபெயிலா? ஆனா நான் அன்னைக்கே போயி எங்கய்யன்கிட்டச் சொல்லிப்போட்டேன். காட்டுல உழவு ஓட்டிட்டு இருந்தாரு. நின்னு சொன்னேன்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

வாசல்ல அப்பத்தா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஒண்ணும் சொல்லலை. அப்பத்தா மழையைப் பத்திச் சொல்ற அந்த வார்த்தையை அப்ப என்னைப் பத்தி வாயெடுத்துச் சொல்லிடுமோன்னு பயந்தேன். சொல்லலை. காபி வேணுமான்னு கேட்டுச்சு.

இன்னும் ரெண்டு கம்பெனி வரப்போகுது. ஹிஸ்டரி இருந்தாலும் எடுப்பாங்களாம். நீங்களும் அந்த ரெண்டாவது கட்டத்துல ஏதாவது நம்பர் போடற ஆளா இருந்தா, மொபைல் நம்பரைக் கமெண்ட்ல போடாதீங்க, நேர்ல வாங்க, சேர்ந்தே ஆப்டிட்யூட் போடலாம்.

அப்பா இப்பவும் ரிசல்ட் வந்தா ரோட்லருந்தே போன் பண்றார். கேள்விதான் மாறிடுச்சு. "பாஸா"ன்னு கேக்கறதில்லை. "ஸ்கிரீன்ஷாட் அனுப்பு பாப்பா"ங்கறார். அனுப்பறேன்.