மணிக்கு 30 கிலோமீட்டர்

எங்க வீட்டு நாய் பேரு மணி. உடம்பு முழுக்கக் கறுப்பு, நெஞ்சுல மட்டும் ஒரு கை அகலத்துக்கு வெள்ளை. நான் ஆறாவது படிக்கும்போது அப்பா சைக்கிள் கூடையில வச்சுக் கொண்டு வந்த குட்டி. கோபி பக்கத்துல எங்க ஊர். வீட்டுக்குப் பின்னாடி தென்னந்தோப்பு. மணிக்கு அதுதான் கிரவுண்டு.

செகண்ட் இயர் பொங்கல் லீவுக்கு போட்டோகிராஃபி கிளப் கேமராவை ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போனேன். கேனன் 1500டி, கூடவே வர்ற 18-55 லென்ஸ். மூணு நாள்ல மணியை 212 படம் எடுத்தேன். ஒண்ணுல கூட மணி இல்லை! கறுப்பா ஏதோ ஒரு மேகம் வீட்டுக்குள்ள பறக்குது. ஹாஸ்டல்ல ரூம்மேட் பாத்துட்டு, "ஏய், இது நாயாடி? பஸ் விட்ட புகை மாதிரி இருக்கு"ன்னா. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

கிளப்ல இருந்த சீனியர் அண்ணா ஒருத்தர் படங்களைப் பாத்துட்டுத் திட்டவே இல்லை. ஒரு பேப்பரை எடுத்து, "மணி எவ்வளவு வேகமா ஓடும்?"னு கேட்டார். நல்லா ஓடினா மணிக்கு 30 கிலோமீட்டர் இருக்கும்னு சொன்னேன். அதாவது ஒரு நொடிக்கு சுமார் 8.3 மீட்டர். வீட்டுக்குள்ள டியூப்லைட் வெளிச்சத்துல ஆட்டோ மோடு ஷட்டரை 1/60 நொடி திறந்து வச்சிருந்தது. அந்த நேரத்துக்குள்ள மணி 14 சென்டிமீட்டர் நகர்ந்துடும். அந்த 14 சென்டிமீட்டரும் ஒரே படத்துல பூசின மாதிரி விழும். அதுதான் என் மேகம். ஷட்டரை 1/1000 ஆக்கினா மணி நகர்றது 8 மில்லிமீட்டர்தான். கண்ணுக்கு ஷார்ப்பாவே தெரியும்.

ஒன்பதாம் வகுப்புல படிச்ச தூரம், வேகம், நேரம். ரெண்டு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச எனக்கு இது தோணவே இல்லை.

ஆனா ஷட்டரை வேகமாக்கினா சும்மா விடாது. 1/60-ல இருந்து 1/1000 போனா உள்ள வர்ற வெளிச்சம் 16-ல ஒரு பங்குதான். அதை வேற எங்கேயாவது ஈடு கட்டணும். லென்ஸ் துவாரத்தை, அதாவது அபெர்ச்சரை, பெருசாக்கலாம். ஆனா இந்த லென்ஸ் 55-க்கு ஜூம் பண்ணினா எஃப் 5.6-க்கு மேல திறக்காது. மிச்சம் ஐ.எஸ்.ஓ. வீட்டுக்குள்ள ஏற்கனவே 1600-ல இருந்தது. அதை 16 மடங்கு ஏத்தினா 25600. இந்த கேமராவோட சாதாரண எல்லையே 6400. கணக்கு டேலி ஆகாது. ஃப்ளாஷ் போட்டா மணி மிரளும். "அப்ப நாயை வெளிய கூட்டிட்டுப் போ"ன்னு அண்ணா முடிச்சுட்டார்.

அந்த வருஷம் மே லீவுல மறுபடியும் கேமராவை வாங்கிட்டுப் போனேன். நான் பண்ணினதை அப்படியே சொல்றேன், உங்க வீட்டு நாய், பூனைக்கும் செட் ஆகும்.

டயல்ல டி.வி.ன்னு ஒரு மோடு இருக்கும். வீடியோ பாக்கறதுக்குன்னு நான் நினைச்சிருந்தேன். அது ஷட்டர் ஸ்பீடை நம்ம கையில குடுக்கற மோடு. 1/1000 வச்சுட்டு ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோல விட்டேன். காலை வெயில்ல அது தாராளமாப் போதும். போகஸை ஒன் ஷாட்ல இருந்து ஏ.ஐ. சர்வோவுக்கு மாத்தினேன். ஒன் ஷாட் ஒரு தடவை போகஸ் பண்ணிட்டு அங்கேயே நின்னுடும், நாய் நிக்காது. சர்வோவுல பட்டனைப் பாதி அழுத்திப் பிடிச்சா போகஸ் நாய் பின்னாடியே போகும். ஒன்பது போகஸ் புள்ளில நடுவுல இருக்கறதை மட்டும் வச்சுக்கிட்டேன். பட்டனை அழுத்தினபடியே தொடர்ந்து படம் எடுக்கற மோடு. இதுல நொடிக்கு மூணு படம்தான் வரும், பரவாயில்லை.

கறுப்பு நாய்க்கு மட்டும் ஒரு விஷயம் கூடுதல். கேமராவுக்கு எல்லாமே நடுத்தர சாம்பல் நிறமா இருக்கணும்னு ஆசை. கறுப்பைப் பாத்தா "ஐயோ, இருட்டு"ன்னு நினைச்சு வெளுப்பாக்கிடும். அதனால எக்ஸ்போஷரை மைனஸ் 2/3-க்கு இறக்கினேன். போன்ல எடுக்கறவங்க ப்ரோ மோடு இருந்தா இதே 1/1000 வைங்க. இல்லைன்னா நல்ல வெயில்ல எடுங்க. வெளிச்சம் இருந்தா போனே ஷட்டரை வேகமாக்கிக்கும்.

தோப்புல தரையோட தரையா உக்காந்தேன். தம்பி பழைய டென்னிஸ் பாலை எறிஞ்சான். முந்நூறு படத்துல நாப்பது தேறுச்சு. ஒரு படத்துல மணியோட நாலு காலும் தரையில இல்லை, காது ரெண்டும் பின்னாடி மடங்கி, வாயெல்லாம் சிரிப்பு. ஓடற குதிரையோட நாலு காலும் ஒரே நேரத்துல தரையை விட்டு எழும்புதுன்னு 1878-ல மைப்ரிட்ஜ் வரிசையா கேமராக்களை வச்சுக் காட்டினார். அதை நான் எங்க தோப்புல பாத்துட்டேன். அப்பா அந்தப் படத்தை இன்னும் டி.பி.யா வச்சிருக்கார்.

தேர்ட் இயர் முழுக்க இன்டர்ன்ஷிப், மினி ப்ராஜெக்ட். வீட்டுக்குப் போனாலும் ரெண்டு நாள்தான், கேமரா எடுத்துட்டுப் போகலை. ஃபைனல் இயர் தீபாவளிக்குத்தான் மறுபடியும் கொண்டு போனேன். வெடிச் சத்தத்துக்கு மணி கட்டிலுக்கு அடியில இருந்து வரவே இல்லை. மறுநாள் காலையில தோப்புல எடுத்தேன். எழுபது படம். எழுபதும் ஷார்ப்! "பாத்தியா, உங்க அக்கா புரோ ஆயிட்டா"ன்னு தம்பிகிட்ட பெருமை அடிச்சேன். அவன் ஒண்ணும் சொல்லலை.

ஹாஸ்டலுக்கு வந்து கிளப் எக்ஸிபிஷனுக்குப் படம் தேர்ந்தெடுக்க உக்காந்தேன். ஒரு படத்தோட விவரத்தைத் திறந்தா ஷட்டர் 1/250-ன்னு இருக்கு. பேக்ல டயல் தெரியாம திரும்பியிருக்கு போல. எழுபதும் 1/250-லதான். அப்புறம் எப்படி ஷார்ப்பா வந்தது? அதே பழைய கணக்கைத் திருப்பிப் போட்டேன். 1/250 நொடியில 8 மில்லிமீட்டருக்கு மேல நகராம இருக்கணும்னா, நொடிக்கு ரெண்டு மீட்டர். அதாவது மணிக்கு 7 கிலோமீட்டர்.

அது ஓட்டம் இல்லைங்க. நாம பஸ்ஸைப் பிடிக்க வேகமா நடப்போமே, அது.

எனக்குப் போட்டோ எடுக்க வந்துடலை. மணிக்கு ஓட முடியலை.

படங்களை வரிசையா வச்சு ஒவ்வொண்ணா பாத்தேன். கிட்டத்தட்ட எல்லாத்துலயும் வலது பின்னங்கால் முழுசா ஊனலை, விரல் நுனி மட்டும் தரையைத் தொடுது. எழுபது தடவை அதை நான் வியூஃபைண்டர் வழியா பாத்திருக்கேன். போகஸ் புள்ளியைத்தான் பாத்தேன், காலைப் பாக்கலை.

உடனே வீட்டுக்கு போன் பண்ணினேன். "அதுக்கும் வயசாகுதில்ல கண்ணு"ன்னாங்க அம்மா. தம்பி போனை வாங்கி, "ரெண்டு மாசமா பால் எறிஞ்சா போறதில்லக்கா. நீ வந்தா போகும்னு பாத்தேன்"னான். ஆறு படத்தை வரிசையா அப்பாவுக்கு அனுப்பி, டாக்டர்கிட்ட காட்டச் சொன்னேன். டாக்டர் படத்தையும் பாத்து, காலை மடக்கி நீட்டியும் பாத்து, எக்ஸ்ரேவும் எடுத்துட்டு, இடுப்பு மூட்டு தேஞ்சிருக்குன்னு சொன்னாராம். முழுசா சரியாகாது, வலியைக் குறைக்கலாம். மருந்து குடுத்தார். எடையைக் குறைக்கணும், வழுக்கற தரையில நடக்க விடக்கூடாது. மனுஷங்க வலி மாத்திரையைத் தப்பித் தவறிக்கூடக் குடுக்காதீங்க, நாய்க்கு அது விஷம் மாதிரின்னும் சொல்லி அனுப்பினார்.

ரெண்டு வருஷம் முன்னாடிதான் வீட்டுக்கு டைல்ஸ் போட்டோம். அம்மா இப்ப ஹால் முழுக்க சாக்கு விரிச்சு வச்சிருக்காங்க. வர்ற சொந்தக்காரங்க எல்லாம் வெள்ளையடிக்கறீங்களான்னு கேக்கறாங்க.

இந்தப் பொங்கலுக்குப் போனப்போ வேணும்னே 1/250 வச்சேன். தம்பி பாலை மெதுவா உருட்டி விட்டான். மணி ஒரு நிமிஷம் யோசிச்சது. அப்புறம் எழுந்து ஒரு பத்து மீட்டர் ஓடுச்சு. வீட்டுக்குள்ள வந்து படத்தைப் பெருசாக்கிப் பாத்தேன். முகம் ஓரளவு ஷார்ப்பு. பின்னங்கால் ரெண்டும் ப்ளர்.

தம்பிகிட்ட காட்டினேன். "என்னக்கா, கெடுத்துட்டியா?"ன்னான். அந்தப் படத்தை நான் அழிக்கலை.

மே மாசம் செமஸ்டர் முடியும். அடுத்த தடவை 1/500 தேவைப்படுதான்னு பாக்கணும்.